கைக்குட்டைக்குள் ஒரு கிளை

சம்பந்தி அரைக்கால் சட்டையில் வந்து இறங்கியபோதே ஆய்வாளருக்கு முகம் சுண்டிவிட்டது. மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு குடும்பமும் சேர்ந்து போகிற முதல் விடுமுறைப் பயணம் இது. இயற்கைப் பூங்காவுக்குத்தான் என்றாலும் ஒரு மரியாதை வேண்டாமா? மனிதர் தலையில் கிளிப்பச்சைத் தொப்பி, கையில் வறுகடலைப் பொட்டலம். மெத்தைக் கடைக்காரரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

ஆய்வாளர் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருந்தார். எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் புகுந்து கள்ள எடைக்கல்லைப் பிடித்தவர். ஓய்வு பெற்றும் அந்த முதுகு வளையவில்லை. எப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பெண்ணெடுத்திருக்கிறோம் என்பது சம்பந்திக்கு இன்றைக்குள் உறைத்தாக வேண்டும். அதற்காகவே கிளம்புமுன் வீட்டுத் தோட்டத்தை மூலைமூலையாகச் சுற்றிக் காட்டினார்.

"எல்லாம் நம்ம வீட்டு உழைப்பு, சம்பந்தி. அடுத்தவன் வீட்டுத் துரும்பு ஒண்ணு இங்க கிடையாது."

"அடேங்கப்பா!" என்று வாயைப் பிளந்தார் மெத்தைக்காரர். ஆய்வாளரின் மனைவி மட்டும் ஏதோ களை பிடுங்குகிறவள்போலச் சட்டென்று குனிந்துகொண்டாள்.

பூங்கா வாசலில், இலையோ பூவோ கிள்ளக் கூடாது, வெளியே போகும்போது பைகள் சோதிக்கப்படும் என்று பலகை இருந்தது. ஆய்வாளர் அதைச் சம்பந்தி காதில் விழும்படி இரண்டு தடவை வாசித்தார்.

வாசித்து என்ன பயன்? சம்பந்தி வாத்துகளோடு பேசினார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் மல்லாந்தார்.

"மெத்தைக்காரருக்கு எங்க பார்த்தாலும் மெத்தைதான்" என்றார் ஆய்வாளர் மகளிடம்.

"மெதுவாப்பா, அவருக்குக் கேக்கும்."

"நல்லாவே கேக்குதும்மா" என்றார் சம்பந்தி, கண்ணைத் திறக்காமலே. "ஆனா புல்லு முதல் தரம். நம்ம பஞ்சு தோத்துச்சு."

எழுந்தபோது பக்கத்தில் கிடந்த நீல இறகு ஒன்றை எடுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டார். ஆய்வாளருக்குப் பொறுக்கவில்லை. "கீழ கிடந்தாலும் அது பூங்காவோட சொத்து, சம்பந்தி. எடுத்த இடத்துல வச்சிடுங்க. எங்க குடும்பத்துல இந்த மாதிரிப் பழக்கம் கிடையாது."

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. சம்பந்தி இறகைப் புல்லிலேயே வைத்தார். ஆய்வாளர் முதுகை இன்னும் ஓரங்குலம் நிமிர்த்தி நடந்தார். மனைவி பின்தங்கிப் பின்தங்கி வந்தாள்.

"என்ன அங்கயே நின்னுட்டே?"

"முழங்கால் பிடிச்சுக்கிச்சுங்க. நீங்க போங்க, வரேன்."

ஊதா இலைச் செடி வரிசைக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு முழங்கால் பிடித்திருந்தது.

வெளிவாசலில் காவல்காரம்மாள் ஒவ்வொரு பையாகத் துழாவினாள். ஆய்வாளர் மனைவியின் பையிலிருந்து ஈரக் கைக்குட்டைச் சுருள் ஒன்று வந்தது. ஓரத்தில் நீல நூல் தைத்த, ஆய்வாளருடைய கைக்குட்டை. பிரித்தால் உள்ளே ஒரு சாண் ஊதாக் கிளை.

"சாய்வா வெட்டி, ஈரத்துணி சுத்தி..." காவல்காரம்மாள் தலையை ஆட்டினாள். "இது தெரியாம கிள்ளின கை இல்ல. யாரு வேலை இது?"

ஆய்வாளர் கைக்குட்டையின் நீல நூலையே பார்த்தார். அதற்குள் கிளிப்பச்சைத் தொப்பி முன்னால் வந்தது.

"நான்தாம்மா. அழகா இருந்துச்சேன்னு கிள்ளி அவங்க பையில போட்டுட்டேன். என் பேரை எழுதிக்குங்க."

தங்கள் தலையைக் காப்பாற்றப் பொய் சொன்ன கடைக்காரர்கள் ஆயிரம் பேரை ஆய்வாளர் பார்த்திருக்கிறார். அடுத்தவர் மானத்துக்காகச் சொன்னவனை இப்போதுதான் பார்க்கிறார். வாயை மூடிக்கொண்டு நின்றால் மானம் தப்பிவிடும். ஆனால் அது இரவல் மானம். அதுவும் அரைக்கால் சட்டைக்காரர் தந்த இரவல். அதை மாட்டிக்கொண்டு இந்த மனிதர் முகத்தில் நாளைக்கு எப்படி விழிப்பது?

"அவர் பேரை அடிச்சிடுங்க" என்றார். "கைக்குட்டை என்னுது. பை என் சம்சாரத்துது. என் பேரை எழுதுங்க."

"முதல் தடவையாங்க?"

"எங்க குடும்பத்துல ஒருநாளும்..." என்று தொடங்கினார். பக்கத்தில் மனைவி தொண்டையைக் கனைத்தாள். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் அந்தக் கனைப்புக்கு அர்த்தம் தெரியாதா? வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி கிளம்பியதும் சம்பந்தி கடலைப் பொட்டலத்தை நீட்டினார். ஆய்வாளர் இரண்டு எடுத்துக்கொண்டார். வெகுதூரம் போனபிறகு, மனைவி பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கிணத்தடிச் செம்பருத்தி?"

"ஆஸ்பத்திரியில பூத்துக் கிடந்துச்சுங்க."

"வேலியோரக் குரோட்டன்ஸ்?"

"பேங்க் வாசல்."

சம்பந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆய்வாளர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். "வாசல் ரோஜா? அதாவது நம்மளுதுதானே?"

"அது உங்க மேலதிகாரி வீட்டுதுங்க. நீங்க கையைக் கட்டிக்கிட்டு அவர் முன்னாடி நின்னீங்களே, அப்போ கிள்ளினேன்."