மடைக்குச் சொல்லாத சொல்

தண்ணீர் அதிகாரம் மார்கழி மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து பார்சல் லாரியில் திண்டுக்கல் வந்து இறங்கியது. சாக்குக் கட்டு, எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோ, ஒரு ஓரத்தில் நசுங்கல். அதுவரை இந்த வட்டாரத்தில் ஒரு கண்மாய் மடையைச் சாண் உயரம் தூக்கவும் சென்னைதான் சொல்ல வேண்டும். இனி உங்கள் பாடு என்று வட்டார நீர் ஆணையம் ஒன்றை அமைத்து அனுப்பிவிட்டார்கள். தலைவர் இன்னும் வரவில்லை. கண்காணிப்பாளர் செபஸ்தியான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டிய நிமிடத்திலிருந்து அது உள்ளே நடக்க ஆரம்பித்தது.

அன்று மாலையே தெரிந்துவிட்டது, அவர் சொல்லாமல் அவரைச் சுற்றி எந்தத் தண்ணீரும் அசையாது என்று. வீட்டில் திறந்த குழாய் சொட்டவில்லை. உலை கொதிக்கவில்லை. "வரலாம்" என்றார், வந்தது. "கொதிக்கலாம்" என்றார், கொதித்தது. மனைவி சகாயசெல்வி பள்ளிக்கூட டீச்சர், ஆச்சரியப்பட நேரமில்லாதவள். "பாலுக்கு உத்தரவு குடுத்துட்டுப் பேப்பர் படிங்க, பஸ்ஸு போயிரும்" என்பாள்.

மறுநாள் சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து காளியம்மாள் மனுவோடு வந்தாள். இரண்டு ஏக்கர் நெல், பால் பிடிக்கும் பருவம். கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தும் மடை மூடிக் கிடந்தது. ஒரு வாரத்துக்குள் பாயாவிட்டால் பதர்தான். செபஸ்தியான் முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கை போன போக்கில் எழுதினார்: தக்க உத்தரவுக்காக மேலனுப்பப்படுகிறது. நான்காம் நாள் மனு சென்னையிலிருந்து திரும்பியது, அதிகாரம் தங்களிடமே உள்ளது என்று. நல்ல மனிதர்தான், ஆனால் ஆபீஸ்காரர். தலைவர் இல்லாதபோது அதை நான் பயன்படுத்தலாமா என்று கேட்டு மறுபடி அனுப்பினார்.

பீரோ தானாக இரண்டடி நகர்ந்து ஜன்னலோரம் போயிருந்தது. அவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரே நாளில் ஒன்பது தடவை டீக்கடைக்குப் போனார், ஒன்பது தடவையும் பாய்லருக்கு உத்தரவு கொடுத்தார்.

"பாலுக்குச் சொல்ல வாய் வருது, மடைக்குச் சொல்ல வரலையா?" என்றாள் சகாயசெல்வி.

"பால் வழிஞ்சா தொடச்சுக்கலாம். கரை ஒடஞ்சா என் பென்சனையில்ல நிறுத்துவான்."

எட்டாம் நாள் காளியம்மாள் வந்து அவர் மேசைக்கு முன்னால் நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு இமை விளிம்பிலேயே நின்றது, விழவில்லை. அது எதற்குக் காத்திருக்கிறது என்று அவருக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. புரிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அழுதுக்கம்மா" என்றார். பொலபொலவென்று விழுந்தது.

பேனாவை மூடாமலே எழுந்து, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கண்மாய்க்குப் போனார். மடையின் முன் நின்று, "தெறந்துக்க" என்றார். யார் கையும் படாமல் பலகை மேலே போயிற்று. தண்ணீர் பாய்ந்தது. கரை உடையவில்லை.

பள்ளத்து ஏக்கர் பிழைத்தது. மேட்டு ஏக்கர் ஏற்கெனவே பதராகியிருந்தது. செபஸ்தியான் செருப்போடு வயலில் இறங்கி, ஒரு கதிரைப் பிடித்து, "பால் பிடிக்கலாம்" என்றார். மூன்று தடவை சொன்னார். அந்த அதிகாரம் சென்னையிடமும் இருந்ததில்லை.

"விடுங்க சார், மாட்டுக்காச்சும் ஆகும்" என்றாள் காளியம்மாள்.

இப்போதெல்லாம் செம்பட்டி, சாணார்பட்டி விவசாயிகள் செபஸ்தியானுக்குப் போன் போட்டு மடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் ஸ்பீக்கரில் சொல்கிறார், மடை மேலே போகிறது. காளியம்மாள் மட்டும் போன் போடுவதில்லை. நாற்று நடுவதற்கு முன்பே தூக்குவாளியில் சோற்றோடு வந்து, ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள்.