தக்கை வாடை

என் புருஷன் அர்மானின் மூக்கு செத்துப்போனது எங்கள் ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. டிஜோன் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து தலைமுடியை விட்டுவிட்டு வாசனையைக் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை. மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே நின்று அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"வெளிய யார்கிட்டயாவது மூச்சு விட்டே, அவ்வளவுதான் மதலேன்" என்றார்.

விடுவேனா? ஒயின் தயாரித்து விற்கிற எங்கள் பிழைப்பே அந்த மூக்கு. அன்றிலிருந்து நானே அவருக்கு மூக்கானேன். வியாபாரிகள் ருசி பார்க்க வந்தால் நானும் நிலவறைக்குள் இறங்கிவிடுவேன். அவர் கிளாஸை முகர்வதுபோல் முகர்ந்துவிட்டு ஓரக்கண்ணால் என் கையைப் பார்ப்பார். ஒயின் நன்றாக இருந்தால் கையைப் பீப்பாய் மரத்தின்மேல் வைப்பேன். சரியில்லை என்றால் ஏப்ரனில் துடைத்துக்கொள்வேன். மற்றதை அவர் கதைகட்டிக்கொள்வார். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குமுன் அந்த மூக்கு எப்பேர்ப்பட்டது தெரியுமா? பூசையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "பாதிரியார் கையில இருக்கறது தக்கை பிடிச்ச ஒயின்" என்று என் காதில் சொன்ன மனுஷன். மானம் போயிற்று எனக்கு.

தக்கை பிடிப்பது யார் குற்றமும் இல்லை. எப்போதாவது ஒரு தக்கை கெட்டு, உள்ளே இருக்கும் ஒயினையும் கெடுத்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வழக்கம்தான். முதலில் முகர்ந்தவர் கிளாஸைக் கீழே வைத்து "தக்கை" என்பார். எவ்வளவு பெரிய ஒயினாக இருந்தாலும் சாக்கடைதான். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வேறு பாட்டில் வரும்.

அர்மானின் தம்பி ரெமி வந்தபோது வேறு பாட்டில் இல்லை. அதுதான் வந்த வினை.

அவர்கள் அப்பா இறந்ததும் ரெமி அமெரிக்கா போனான். எங்கள் தோட்டத்து மேல்சரிவில் இருந்த கிழட்டுத் திராட்சைக் கொடிகளில் குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய் ஒரேகனில் நட்டான். "அப்பாவோட கொடியை ஊரான் மண்ணுல புதைச்சுட்டான்" என்று அர்மான் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ரெமி தன் முதல் விளைச்சலில் ஒரு பெட்டி ஒயின் அனுப்பினான். அர்மான் ஒரு பாட்டிலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"மாட்டுக்கறிக் குழம்புக்கு ஊத்து" என்றார்.

ஊற்றினேன். ஊற்றுமுன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். அசல் மேல்சரிவு ருசி. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போனார். பெட்டி முழுவதும் அந்தக் குளிர்காலக் குழம்புகளில் போனது. தம்பியின் ஒயினில் ஒரு சொட்டுகூட அவர் குடிக்கவில்லை. பிடிவாதத்தில் கழுதைகூட அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

அண்ணனுக்கு இனி அதிக நாள் இல்லை என்று நான்தான் ரெமிக்குப் போன் செய்தேன். நவம்பரில் வந்தான். தலை நரைத்திருந்தது. கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான்.

"அந்த முதல் விளைச்சல் அண்ணி. எங்கிட்ட இருந்த கடைசி பாட்டில். அவர் ஒரு வாய் குடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லணும். நாறுதுன்னு திட்டினாலும் சரி. அதுக்குத்தான் வந்தேன்."

உள்ளே போய் அர்மானிடம், "அவன்கிட்ட சொல்லிடட்டுமா? தம்பிதானே" என்றேன்.

"நீ சும்மா இரு. வேற கிளாஸ் எடு, பெருசு" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எங்கள் வழக்கப்படி பாட்டிலைக் காலுறைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான் ரெமி. குடிப்பவர் எந்தச் சரிவு, எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும்.

"காலுறை எதுக்குடா? கடல் தாண்டி வேற எவன் ஒயினைத் தூக்கிட்டு வரப்போறே? கழட்டுடா அதை" என்றார் அர்மான். "முதல்ல எனக்கு ஊத்து."

ரெமி தக்கையைப் பிடுங்கினான். மேசையின் மறுகோடியில் இருந்த எனக்கே அடித்தது, நனைந்த அட்டைப்பெட்டி. அவன் அண்ணனுக்கு ஊற்றினான், எனக்கு ஊற்றினான், தனக்கு ஊற்றிக்கொண்டு கிளாஸை முகத்தருகே கொண்டுபோனான். அப்படியே நின்றுவிட்டான். "தக்கை" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் அர்மான் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை மாதமும் கிளாஸைத் தூக்கியதும் என் கையைத் தேடியவர் அன்று தேடவில்லை. ஒரு வாய் குடித்தார். நிதானமாக விழுங்கினார்.

"மேல்சரிவுடா இது. அவசரப்படாம பறிச்சிருக்கே" என்றார். "அப்பா இருந்தா இன்னொரு கிளாஸ் கேட்டிருப்பார்."

என் மாமனார் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எதற்கும் வந்ததில்லை. இன்னொரு கிளாஸ் கேட்பார், அவ்வளவுதான்.

ரெமி என்னைப் பார்த்தான். ஆமாம் என்று லேசாகத் தலையசைத்தேன். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பூசையில் தக்கையைக் கண்டுபிடித்த மூக்கு போய்விட்டது. போன பிறகும், ஒயின் விஷயத்தில் பெற்ற அப்பனுக்குக்கூடப் பொய் சொல்லாத அண்ணன் தனக்காகப் பொய் சொல்கிறார். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"ஆமாண்ணே, பொறுத்துதான் பறிச்சேன்" என்றான். குரல் உடைந்தது.

"அழுவாதடா, ஒயின் உப்பு கரிக்கும். எனக்கு இன்னொரு கிளாஸ் ஊத்து."

ஊற்றினான். மூன்று பேரும் குடித்தோம். அந்த வாடை தொண்டையிலேயே தங்கியது. ரெமி தன் கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். நானும் மிச்சம் வைக்கவில்லை. தக்கை பிடித்த பாட்டிலை எங்கள் மேசையில் யாரும் அடிவரை குடித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ரெமி கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் அர்மானைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். போர்வையை இழுத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மதலேன். நிஜமா எப்படி இருந்துச்சு?"

அவர் கண் என் கையில் இருந்தது. அந்தப் பாட்டிலைக் கேட்கிறாரா, தம்பியின் உழைப்பைக் கேட்கிறாரா என்று நான் யோசிக்கவில்லை. அன்றைக்குக் குழம்புக் கரண்டியில் குடித்தது என் நாக்கில் இன்னும் இருந்தது. உள்ளங்கையைக் கட்டில் மரத்தின்மேல் வைத்தேன்.

அதையே பார்த்தார். பிறகு அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஒரு பெட்டி முழுக்கக் குழம்புல ஊத்திட்டேனே, மதலேன்" என்றார். "அப்போ எனக்கு மூக்கு இருந்துச்சே."

நான் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.