கட்டைவிரலின் நாடி

உப்பிலி சாரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால், நன்றாகச் சாப்பிடுவார் என்று சொல்லலாம். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆறு வருடம் அவரிடம் முனைவர் பட்டத்துக்காக மாரடித்தவள் நான்.

என் ஆராய்ச்சி ஒரு கோளக் கொத்தைப் பற்றியது. லட்சக்கணக்கான கிழட்டு நட்சத்திரங்கள் ஒரே பந்தாக நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடம். அதற்குள் ஒரு பல்சார், அதாவது செத்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம், வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழல்கிறது. அது உலகத்துக்கே தெரிந்த விஷயம். விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த பதிவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உட்கார்ந்து நான் அவற்றை அலசினேன். பல்சாருக்குப் பக்கத்துப் புள்ளி ஒன்று மூன்று வினாடிக்கு ஒருமுறை சீராகத் துடித்தது. இரண்டாவது பல்சார் என்று உப்பிலி சார் குதித்தார். தன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை வெளியிட்டார். அதைக் காட்டியே பேராசிரியரும் ஆனார். என் ஆய்வேட்டில் அதுதான் கடைசி அத்தியாயம்.

2004இல் வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, சும்மா இருக்க மாட்டாமல் அதே பதிவில் வேறொரு புள்ளியைச் சோதித்தேன். அதுவும் அதே கணக்கில் துடித்தது. இன்னொன்று, அதுவும். அந்தத் தொலைநோக்கியின் கேமரா மூன்று வினாடிக்கு ஒருமுறைதான் படத்தை எழுதிக்கொள்ளும். நாங்கள் கண்டுபிடித்தது நட்சத்திரத்தின் துடிப்பே இல்லை, கேமராவின் துடிப்பு. கட்டைவிரலால் அடுத்தவர் நாடியைப் பிடித்தால் நம் நாடியே நமக்குத் தெரியும் இல்லையா, அந்தக் கதைதான்.

உப்பிலி சாரிடம் ஓடினேன். கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இதை நீ பார்க்கலை, நான் கேட்கலை. வாயைத் திறந்தேன்னா உனக்குப் பட்டம் கிடையாது. புரியறதா?”

நன்றாகப் புரிந்தது. பட்டம் இல்லையென்றால் ஜூன் மாதத்தோடு என் விரிவுரையாளர் வேலையும் போய்விடும். புதுப்பட்டினம் வீட்டுக்கு வந்து என் கணவர் கிரிதரிடம் சொன்னேன். கல்பாக்கத்தில் கருவிகளோடு காலம் தள்ளுகிறவர், அவருக்கு விஷயம் உடனே விளங்கியது. விளங்கியும், ஒருநாள் பல்லைக் கடித்துக்கொள், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். வானத்தில் இல்லாத ஒன்றுக்கு என் பெயரைப் போட்டுவிட்டுக் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்த வேண்டுமாம். அது நஷ்டமில்லையாம். அதற்குப் பிறகு நான் அவரோடு பேச்சை விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வாய்மொழித் தேர்வு என்றால் பாதிக் கல்யாணம். எனக்குப் பட்டுப்புடவை, வேன் நிறைய உறவினர், சமையலுக்கு மாமல்லபுரத்திலிருந்து கண்ணாயிரம். மாமியார் காமு கையில் பூவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் ஹரிகிருஷ்ணன், உப்பிலி சாரின் பழைய சிநேகிதர். வேறென்ன கேட்டுவிடப் போகிறார்? கடைசியில் சிரித்துக்கொண்டே, அந்தத் துடிப்பு இரண்டாவது பல்சாருடையதுதானே என்றார்.

“இல்லை சார். அது கேமராவோட துடிப்பு. அந்த அத்தியாயம் தப்பு.”

உப்பிலி சார் எழுந்து, பெண் பதற்றத்தில் உளறுகிறாள் என்றார். ஹரிகிருஷ்ணன் அவரைப் பார்த்தார், என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு அதே கேள்வியை அட்சரம் பிசகாமல் மறுபடி கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முன்னே சொன்னது காற்றோடு போய்விடும். பின்வரிசையில் கிரிதர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“இல்லை சார்” என்றேன்.

ஆய்வேட்டை நிராகரிப்பதாக அறிவித்தார்கள். மாமியார் பூவை மடியிலேயே வைத்துக்கொண்டார். உப்பிலி சார் என் அருகே வந்து, நன்றி கெட்டவளே, இனி எந்த வழிகாட்டியும் உன்னைச் சீந்த மாட்டான் என்று அடிக்குரலில் சொன்னார். சொல்லிவிட்டு நேராகப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தார். என் தேர்வுக்கு நான் வைத்த சாப்பாடு. கூச்சநாச்சம் என்று ஒன்று வேண்டாமா மனிதனுக்கு?

கண்ணாயிரம் என்னிடம் வந்தார். “இன்னாம்மா, முடிஞ்சிதா? எலை போட்டுடலாமா?”

“போடுங்க. அதோ உக்காந்திருக்காரே, அவருக்கு மட்டும் வேண்டாம்.”

கண்ணாயிரம் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஹரிகிருஷ்ணனுக்கு இலை போட்டார். உப்பிலி சாரைத் தாண்டி அடுத்தவருக்குப் போட்டார். வெறும் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த உப்பிலி சார், பந்தியே பார்க்க எழுந்து வெளியே போனார்.

காலியான அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். நல்ல பசி. சாம்பார் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். இரண்டாவது தடவை ஊற்றியது கிரிதர். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.