யாகப்பு ஓடாவி ஒரு பெட்டி செய்கிறார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் கிடைத்தது. கிடைத்தது என்பதும் பெரிய சொல்தான். பக்கத்தில் இருந்தவர், "எங்கடை பக்கத்திலை ஒரு ஓடாவி, நன்றிக்கெண்டு ஒரு வீட்டுக்குப் பெட்டி செய்து குடுத்தவர். அதாலை அந்த வீட்டிலை பெரிய கரைச்சல் வந்தது, கண்டியளோ" என்றார். அதற்குள் சோறு வந்துவிட்டது. சோற்றுக்குப் பிறகு பாயாசம். பாயாசத்துக்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

ஆகவே வாசகரே, இதில் கேட்டது ஒரு வரி, மீதியெல்லாம் என் கைச்சரக்கு. ஓடாவி என்கிற அந்தத் தச்சரின் பெயர் என்ன, பெட்டி என்ன மரம், வந்த கரைச்சல் என்ன, ஒன்றும் எனக்குத் தெரியாது. மரவேலையும் தெரியாது. வீட்டில் கதிரைக்கால் ஆடினால் கடதாசியை மடித்துக் கீழே வைக்கிற ஆள் நான். இருந்தும் எழுத உட்கார்ந்துவிட்டேன். துணிவு அப்படி.

2

முதலில் எழுதியது: "மயிலிட்டிக் கடலின் மேல் செந்நிறச் சூரியன்"

வெட்டிவிட்டேன். சூரியனைக் கூப்பிடாமல் தொடங்கத் தெரியாதவன் கதை எழுதக்கூடாது.

இரண்டாவது: "நன்றி என்பது மனித குலத்தின்"

இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, நேராக வருகிறேன். யாகப்பு மயிலிட்டியில் வள்ளம் கட்டுகிற ஓடாவி. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியபோது, மனைவி மரியநாயகியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஆயுதங்களை* ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தோட்டக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாலேஸ்வரி என்ற பெண் தன் வெங்காயக் கொட்டிலை ஒழித்து அவர்களுக்குக் கொடுத்தார். புருஷன் இறந்தபின் தோட்டத்தைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தவர்.

(* உளி, வாள், சீவுளி, துறப்பணம். தச்சர் இவற்றை ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் 'சாக்குக்குள்ளை ஆயுதம் கிடக்கு' என்று சொல்லிவிட்டு யாகப்பு எத்தனை பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது என்பது வேறொரு கதை.)

வந்த அன்று பின்னேரம் மரியநாயகி குடத்தோடு போய், கிணற்றுக்குக் கிட்டப் போகாமல் வேலிக்கரையிலே நின்றார். யாராவது அள்ளி ஊற்றுவார்கள் என்று காத்திருந்தார். வெள்ளாளர் வளவில் கரையோரத்து ஆட்களுக்கு அதுதான் வழக்கம். பாலேஸ்வரி வந்து பார்த்தார். துலாக் கயிற்றைப் பிடித்து மரியநாயகியின் கையில் கொடுத்தார்.

"கிணறு என்ரை. நீர் அள்ளும்."

அடுத்த நாளே பாலேஸ்வரியின் தம்பி பஞ்சலிங்கம் வந்து வேலிப் படலையில் நின்றபடி சொன்னார்: "அக்கா, இனி இந்த வீட்டிலை எனக்குத் தண்ணி வென்னி இல்லை. நான் வரமாட்டன்." சொன்னபடி வரவும் இல்லை. கொட்டிலுக்குள் இருந்து யாகப்பு எல்லாவற்றையும் கேட்டார். பாலேஸ்வரிக்கு உள்ளது ஒரே ஒரு உடன்பிறப்பு. அதை இழக்கவைத்தது தாங்கள்தான் என்று அன்றைக்கு அவர் நெஞ்சில் விழுந்த கல், பிறகு அகலவே இல்லை.

3

எனக்குப் பாலேஸ்வரியில் சந்தேகம் இருக்கிறது.

இவ்வளவு நல்ல பெண்ணை யார் நம்புவார்கள்? எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இது மனிசியோ, கோயில் சிலையோ" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே கொஞ்சம் திருத்தினேன். பாலேஸ்வரிக்கு வாய் நீளம். யாகப்புவின் பிள்ளைகள் பயத்தங்காயில் கை வைத்தால் அவர் குரல் ஒழுங்கையின் கடைசி வீடுவரை கேட்கும். யாகப்பு முதலில் அவரை 'அம்மா' என்று கூப்பிட்டபோது, "உமக்கு நான் அம்மாவோ? எனக்கென்ன நரைச்சுப் போச்சோ? அக்கா எண்டு கூப்பிடும்" என்று அதையும் ஒரு ஏச்சாகத்தான் சொன்னார்.

இன்னொன்று. பஞ்சலிங்கம் 'நான் வரமாட்டன்' என்று சொல்லியிராவிட்டால், கயிற்றை அவர் தொடர்ந்து கொடுத்திருப்பாரா? தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற பிறவி. அன்பு பாதி, பிடிவாதம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீரில் எது எந்தப் பாதி என்று மரியநாயகி ஒருநாளும் கேட்கவில்லை.

4

இனிப் பெட்டி.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கந்தசட்டிக்கு முன் ஒரு செய்தி வந்தது. பஞ்சலிங்கம் ஆளனுப்பியிருந்தார், இந்த முறை விரதம் முடிக்கிற பாறணைக்குத் தமக்கை வீட்டுக்கு வருகிறேன் என்று. பாலேஸ்வரி அதைக் கேட்டுவிட்டு முற்றத்தைக் கூட்டினார். கூட்டிய முற்றத்தைத் திரும்பவும் கூட்டினார். யாகப்பு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு காலமும் என்ன கொடுத்து இந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்வது என்று முட்டி மோதியவருக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. திருநீறு வைக்க வடிவான ஒரு பெட்டி. சாமியறையில் இருக்கட்டும். தம்பி வந்து பார்க்கட்டும், தமக்கை இடம் கொடுத்தது எப்படிப்பட்டவர்களுக்கு என்று.

சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிற ஒருவருடைய வண்டிலைத் திருத்திக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக ஒரு முதிரை மரத்துண்டு வாங்கியிருந்தார். அந்த வண்டில்காரர் வளவிலேயே இருந்து வேலையைத் தொடங்கினார், பாலேஸ்வரி கண்ணில் படாமல்.

(ஒரு ஓடாவியாரைத் தேடிப்போய்ப் பெட்டி செய்வது எப்படி என்று கேட்டேன். "செய்யப்போறியளோ, எழுதப்போறியளோ?" என்றார். எழுத என்றேன். "அப்ப லேசு" என்றார்.)

வாழ்நாள் முழுவதும் வள்ளம் கட்டிய கை வேறெதைக் கட்டும்? பெட்டியின் பக்கங்கள் சற்றே வயிறு வைத்து வந்தன. மூலைகளை ஆணியில்லாமல் பொருத்தினார். பொருத்தி முடிந்ததும், திருநீற்றுப் பெட்டிக்குள் தண்ணீரை ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. வண்டில்காரர் சிரித்த சிரிப்பில் மாடு வெருண்டது.

சுற்றிவர அலை கொத்தினார். மூடியில் ஒரு பிடி வெங்காயம், தாளோடு சேர்த்துக் கட்டியது. (கடலும் தோட்டமும் கைகோத்தன என்று இதற்கு யாராவது விமர்சனம் எழுதக்கூடும். வேண்டாம். வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் கொத்திக் கொத்தி அவருக்கு அலை கைவந்திருந்தது. தாமரை கொத்தப் பார்த்தார், கோவாவாக, அதாவது முட்டைக்கோசாக, வந்தது. படுத்து எழும்புகிற கொட்டிலில் கண்ணுக்கு முன்னால் தொங்கியது வெங்காயம். அவ்வளவுதான்.)

பராய் இலையால் தேய்த்துத் தேய்த்து மரத்தை மழமழப்பாக்கினார். இனி மினுக்க வேண்டும். வார்ணிஷ் அந்த நாளில் தடையால் யாழ்ப்பாணத்துக்கு வராத நூறு சாமான்களில் ஒன்று. யாகப்பு சாக்கின் அடியில் கை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். ஊரில் இருந்து கொண்டுவந்தது. இனி எங்கே கிடைக்கும் என்று ஒரு சொட்டுக்கூடச் செலவழிக்காமல் பொத்தி வைத்திருந்தது. தன்னிடம் இருந்ததில் ஆகச் சிறந்தது அதுதான் என்று நினைத்தார். முழுவதையும் பூசினார். முதிரை பொன்னாக மின்னியது.

அவர் அந்தப் போத்தலைத் திறந்தபோது மயிலிட்டித் துறைமுகமே எழுந்து வந்து

இல்லை. அப்படி ஒன்றும் வரவில்லை. அவர் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. கதையே அதில்தான் இருக்கிறது. போத்தலில் இருந்தது சுறா எண்ணெய்.

5

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யாகப்புவுக்கு அநியாயம் செய்தவனாவேன். சட்டி விரதம் தொடங்கிய நாளிலிருந்து கொட்டிலில் மீன் சட்டி அடுப்பேறவில்லை. யாரும் சொல்லவில்லை. மரியநாயகியே முடிவெடுத்தார். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பருப்பும் சோறும் தின்றார்கள். அவ்வளவு கவனமாக இருந்தவர்களுக்குத்தான் இப்படி நடந்தது. எண்ணெய் மீனில் இருந்து வருவதென்று யாகப்புவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் மனதில் மீன் சட்டிக்குரியது, எண்ணெய் வள்ளத்துக்குரியது. இரண்டும் ஒருநாளும் சந்தித்ததில்லை.

சூரன்போர் நடந்த அன்று பின்னேரம் பெட்டியைக் கொண்டுபோய்ப் பாலேஸ்வரியின் கையில் கொடுத்தார்.

"அக்கா, திருநீறு வைக்கலாம். என்னாலை ஏலுமானது."

பாலேஸ்வரி வாங்கினார். முகம் ஒரு கணம் மாறியது. விரதக்காரி, ஆறு நாளாகத் தண்ணீரும் பழமும்தான். மூக்கு அப்போது கத்தி மாதிரி இருக்கும். ஆனாலும் மூடியைத் தடவிப் பார்த்தார். வெங்காயத்தைக் கண்டு சிரித்துவிட்டார்.

"தோட்டக்காரிக்கு ஏத்த பெட்டிதான். நல்ல வடிவு, ஓடாவியார்."

யாகப்பு நிலத்தில் கால் பாவாமல் கொட்டிலுக்கு வந்தார். அவர் உடுப்பில் இருந்த மணம் மரியநாயகிக்குப் பட்டது.

"இஞ்சருங்கோ, பெட்டிக்கு என்னத்தைப் பூசினனீங்கள்?"

"சுறா எண்ணெய். வேறை என்ன கிடக்கு?"

"சாமிப் பெட்டிக்கோ?"

"மரத்துக்கு நல்லதல்லோ. கறையான் கிட்ட வராது."

"கறையான் வராது. நாளைக்கு வாறவர்?"

யாகப்பு அப்படியே குந்திவிட்டார். சைவ வீட்டில், விரத நாளில், சாமிக்கென்று மீன் நெய்யைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பஞ்சலிங்கம் அன்று படலையில் நின்று சொன்னதற்கெல்லாம் தன் கையாலே சாட்சி செய்து கொடுத்தாயிற்று. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடினார்.

"அக்கா, அந்தப் பெட்டியை ஒருக்காத் தாங்கோ. திரும்ப மினுக்கித் தாறன்."

"தந்ததைத் திருப்பிக் கேக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்?"

"மணக்குது அக்கா."

"எனக்கும் மூக்கிருக்கு."

"நாளைக்குத் தம்பியார் வாறார்."

"ஓம். வாறான்" என்று சொல்லிவிட்டுப் பாலேஸ்வரி உள்ளே போய்விட்டார்.

6

இங்கே வந்து நான் பல நாள் சிக்கிக்கொண்டு கிடந்தேன். எழுதிப் பார்த்த முடிவுகளைக் கீழே வைக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவதில், பாலேஸ்வரி பழப்புளியும் மஞ்சளும் போட்டுத் தேய்க்கிறார், மணம் போய்விடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். இது பொய். முதிரை குடித்த சுறா எண்ணெய் ஏழு பிறப்புக்கும் போகாது.

இன்னொன்றில், விடிய எழுந்து பார்த்தால் பெட்டி சந்தனமாக மணக்கிறது. கோயில் மலருக்கு அனுப்பலாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு ஒன்று எழுதினேன். பாலேஸ்வரி பெட்டியை மாட்டுக் கொட்டிலில் ஒளித்துவைக்கிறார். தம்பி வருகிறார், வயிறாரச் சாப்பிடுகிறார், தமக்கையும் தம்பியும் சமாதானம். யாருக்கும் நட்டமில்லை. இதுதான் நடந்திருக்கக்கூடியது என்று பட்டது. எழுதியும் முடித்தேன். ஆனால் மாட்டுக் கொட்டில் பக்கம் போன யாகப்பு வைக்கோலுக்குள் அந்த மினுக்கத்தைக் காண்கிற இடம் வந்தபோது, அந்த மனிதனின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. கிழித்துப்போட்டேன்.

7

ஆகவே இது.

பாறணை நாள் காலை. யாகப்பு வாழையிலை வெட்டிக்கொண்டு, சமையல் நடக்கும் குசினியின் வாசலுக்கு வந்தார். அங்கிருந்து முன்னறை தெரியும். பெட்டி சாமியறையில் இல்லை. அதை நான் மறைக்கமாட்டேன். பாலேஸ்வரி சைவக்காரி, சாமிக்கு முன்னால் அதை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அது இருந்தது முன்னறை மேசையில், கணவரின் படத்துக்குப் பக்கத்தில். வாசலால் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம்.

பஞ்சலிங்கம் வந்தார். தமக்கையைப் பார்த்ததும் அவருடைய கண் கலங்கியது உண்மை. குனிந்து இலைக்கு முன் இருந்தார். பாலேஸ்வரி சோறு போட்டார், பருப்பு விட்டார், நெய் விட்டார். முதல் பிடியை எடுத்தவர் கையை நிறுத்தித் தலையைத் தூக்கினார்.

"அக்கா, என்ன இஞ்சை மீன் மணக்குது?"

குசினி வாசலில் மிச்ச இலையோடு நின்ற யாகப்புவின் காதில் அது விழுந்தது. 'எங்கடை கொட்டிலிலை இருந்து வருது ஐயா, பிழை எங்களிலை' என்று தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கால் எடுத்து வைத்தார். அந்தப் பெண்ணுக்குத் தம்பி போதும், பெட்டி வேண்டாம். அதுதான் அப்போது அவர் நெஞ்சில் இருந்த ஒரே எண்ணம்.

பாலேஸ்வரி நெய்ச் சட்டியைக் கீழே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஓம். உந்தப் பெட்டிதான். சுறா எண்ணெய் பூசினது. எங்கடை ஆக்கள் எனக்குச் செய்து தந்தவை."

எங்கடை ஆக்கள். யாழ்ப்பாணத்தில் பிறக்காத வாசகருக்கு ஒரு வார்த்தை. இதை நாங்கள் சும்மா எடுத்து வீசுவதில்லை. கலியாணம் பேசும்போது எடுப்போம், செத்தவீடு சொல்லி அனுப்பும்போது எடுப்போம். ஆர் உள்ளே, ஆர் வெளியே என்று பிரிப்பதற்காகவே வைத்திருக்கிற சொல் அது. பாலேஸ்வரிக்கும் அது தெரியும். தம்பிக்கும் தெரியும். மயிலிட்டி யாகப்புவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். எடுத்து வைத்த காலை அவர் திரும்ப எடுத்தார். நன்றி சொல்ல வந்தவருக்கு, இனி இவர்களுக்குள் நன்றி என்று ஒன்று சொல்லத் தேவையில்லை என்று விளங்கியது. சந்தோசத்தில் அவருக்கு இலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

யாகப்புவின் கதை இங்கே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பஞ்சலிங்கத்தின் கதை. அவர் கை இன்னும் இலைக்கு மேலேதான் நிற்கிறது. எழும்பினாரா, சாப்பிட்டாரா என்று எழுதமாட்டேன். அவரை உங்களிடம் விடுகிறேன். எழுப்புவதானால் எழுப்புங்கள், உங்கள் விருப்பம். ஆனால் மனிதர் ஆறு நாள் பட்டினி கிடந்து வந்திருக்கிறார். சோறு சூடாக இருக்கிறது. தமக்கை நெய்ச் சட்டியோடு நிற்கிறார். அப்படிப்பட்டவரை இலையில் இருந்து எழுப்பிய பாவம் உங்களைத்தான் சேரும், என்னையல்ல.