ஓரம் வெட்டிய ஷூ

காமிக்ஸ் கண்காட்சியின் கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது. சுண்டெலி தனக்குக் கிடைத்த அரை மேசையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மீதி அரை மேசை பேய்க்கதை வரைகிற ஒருவனுடையது. அவன் பிளாஸ்டிக் மண்டையோடுகளைப் பரப்பி அவள் பக்கத்திலும் கொஞ்சத்தை வளைத்துப் போட்டிருந்தான். சுண்டெலி என்பது அவள் அட்டையில் போட்டுக்கொள்ளும் பெயர். அவள் வாரமெல்லாம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறவள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. அவள் படம் வரைகிறவள் என்பது கிடங்கு மேனேஜருக்கும் தெரியாது.

கறுப்பு வெள்ளையில், நடுவே இரண்டு பின் அடித்த மெல்லிய புத்தகம். கிடங்குப் பெண்களின் கதை. வேலை நேரத்தில் உட்காரவே கூடாத அந்த இடத்தில், பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்து உட்கார்ந்து வீங்கிய காலை நீட்டியிருக்கும் பக்கம்தான் எல்லோருக்கும் பிடித்தது. கூட வேலை பார்த்த அக்காவைப் பார்த்து வரைந்தது அது; இவள் வரைகிறவள் என்று கிடங்கில் தெரிந்தது அந்த அக்காவுக்கு மட்டும்தான். அடையாளம் தெரியக் கூடாதென்று மூக்கை மாற்றினாள், முடியை மாற்றினாள், வயதைக் குறைத்தாள். ஷூவை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. சுண்டுவிரலை நசுக்குகிறதென்று அக்கா பிளேடால் ஓரத்தை வெட்டி, பிரியாமலிருக்கக் கோணல்மாணலாகத் தையல் போட்ட ஷூ. அப்படியொன்று கண்ணில் பட்டால் எந்தப் படக்காரிதான் விடுவாள்?

மேனேஜரின் மகள் அந்தப் புத்தகத்தை எங்கோ வாங்கி வீட்டில் போட்டுவைத்திருக்கிறாள். அதைப் புரட்டிய மறுநாள் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்காவுக்கு அன்றோடு வேலை போயிற்று.

இப்போது அதே அக்கா மண்டபத்துச் சாம்பல் நிறச் சட்டையோடு, துடைப்பமும் கையுமாக அந்த வரிசைக்குள் வந்தாள். சுண்டெலி சட்டென்று தன் பையை ஸ்டிக்கர் தட்டின் மேல் வைத்து மறைத்தாள். எல்லாம் அந்த ஷூ படம் போட்ட ஸ்டிக்கர்கள். அச்சுக்குக் கொடுத்தது அக்காவின் வேலை போகும் முன்பு. போய் வாங்கிவந்தது அதற்குப் பிறகு.

"அட, நீயா? இங்கதான் விக்கிறியா?"

"அக்கா... இங்கயா வேலை?"

"இந்த மாதிரி ஏதாவது நடந்தா கூப்பிடுவாங்க. மத்த நாள் வீட்டுலதான்." அக்கா ஒரு புத்தகத்தை எடுத்துத் தன் பக்கத்தைத் தேடிப் பிரித்தாள். "மூக்கு நல்லாருக்கு. கடவுள் குடுக்காதத நீ குடுத்துட்ட."

சுண்டெலிக்குச் சிரிப்பு வரவில்லை. "கால் எப்படிக்கா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. இது மண்டபத்து ஷூ, வெட்டக் கூடாதாம். சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தான். இத வரஞ்சது யாருன்னு சொன்னா என்னைத் திரும்ப எடுத்துக்குவானாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும், நான் பொம்மப் புத்தகமெல்லாம் பாக்குறதில்லன்னேன். நாளைக்கும் அதத்தான் சொல்லணும். உங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கும்போது உன் வேலையும் போனா என்ன பண்ணுவ?"

சொல்லிடுங்கக்கா என்று சொன்னால் போதும். நுனி நாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். முகமூடிகளும் மேலங்கிகளும் அட்டை வாள்களுமாகக் கூட்டம் உள்ளே பாய்ந்தது. அக்கா துடைப்பத்தோடு ஒதுங்கிப் போனாள். கூட்டம்தான் கெடுத்தது என்று சுண்டெலி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். கூட்டம் வந்ததும் தனக்கு உயிர் வந்தது தனக்கே தெரியாதா என்ன?

பையை எடுத்தாள். ஸ்டிக்கர்கள் பறந்தன. இறக்கை கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் ஷூ பக்கத்தைப் பிரித்துக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

"படிச்சு அழுதுட்டேன். இது நிஜமா நடந்ததா?"

"இல்ல, கற்பனைதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் சுண்டெலி. மேனேஜர் முன்னால் போய் நின்று சொல்லியிருக்க வேண்டிய பொய் அது.

சாயங்காலம் கூட்டம் வடிந்தபோது தூணிலும் தரையிலும் நாற்காலியின் முதுகிலும் அந்த ஷூ ஒட்டியிருந்தது. ஒரு கறை இல்லாமல் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்று யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா தரையில் முட்டிபோட்டு, பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுண்டெலி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள். வரவில்லை. நல்ல பசை வேண்டுமென்று அவளே கேட்டு வாங்கியது.

"அக்கா, நாளைக்கு..."

அக்கா நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள். சுண்டெலி மறுபடியும் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளினாள்.

"நாளைக்கு உனக்குக் காலை ஷிப்டுல்ல? கெளம்பு" என்றாள் அக்கா.

சுண்டெலி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அக்கா வெட்டாத ஷூவிலிருந்து ஒரு குதிகாலை வெளியே உருவிவிட்டு அடுத்த ஸ்டிக்கருக்கு நகர்ந்திருந்தாள். படத்திலிருந்த ஷூ பாதி உரிந்து வந்தது. தையல் போட்ட ஓரம் மட்டும் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா பிளேடைத் திருப்பிப் பிடித்து, அதே இடத்தில் மறுபடியும் சுரண்டினாள்.