சாமியாரும் சல்லடையும்

வயிற்றில் எட்டரை மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டு, முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கன் இன்னோர் அமெரிக்கனின் காலைப் பிடித்து விழுத்த வேண்டும் என்று நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மகளின் பெயர் அந்தக் காலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம், ஆனால் ஒன்பது வயதிலிருந்து ஆக்லாந்தின் லின்ஃபீல்ட்தான். மனுகாவ் பக்கம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன். என் கணவர் ரிஷிக்குத் திருச்சி. கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் டெக்சஸில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். ஊரே ரக்பி பார்க்கிற ஆக்லாந்தில், திங்கட்கிழமை விடிந்தால் இவர் மட்டும் மடிக்கணினிக்கு முன்னால் தவம் இருப்பார். அங்கே ஞாயிறு மதியம் என்றால் எங்களுக்குத் திங்கள் காலை.

அந்தப் பைத்தியம் தொற்றி, எங்கள் சிநேகித வட்டத்தில் ஃபேன்டசி லீக் ஒன்று தொடங்கினார்கள். எட்டுப் பேர். ஒவ்வொருவரும் உண்மையான ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, கற்பனையாக ஓர் அணி சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அது இங்கே நமக்குப் புள்ளி. வாரம் ஒருவரோடு போட்டி. எட்டாவது ஆள் கிடைக்காததால் என்னைக் கெஞ்சிச் சேர்த்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

லீக்குக்குப் பொறுப்பு என் பெரியம்மாவின் மகன் சஞ்சீவன் அண்ணா. எதற்கு எத்தனை புள்ளி என்று தீர்மானிப்பவர் அவர். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவர், அந்தத் திமிர் இன்னும் இறங்கவில்லை. பந்து வைத்திருப்பவனைப் பிடித்து விழுத்துவதை டேக்கிள் என்பார்கள். வழக்கமாகத் தனியாக விழுத்தினால் முழுப் புள்ளி, கூடப் போய்க் கைகொடுத்தால் பாதி. அண்ணா இரண்டுக்கும் இரண்டு இரண்டு புள்ளி என்று போட்டுவிட்டார். எதிரி வீசிய பந்தை நடுவில் பறிப்பது அந்த ஆட்டத்திலேயே அபூர்வமான வித்தை. அதற்கு மூன்றே மூன்று.

ரிஷி தலையில் அடித்துக்கொண்டார். "சஞ்சீவன், இது கபடி இல்லை. இப்படிப் புள்ளி வெச்சா நல்ல டிஃபென்டர் எவனுக்கும் மதிப்பே இருக்காது."

"காலைப் பிடிச்சவனுக்கும் மேல விழுந்து அமத்தினவனுக்கும் என்ன வித்தியாசம், மச்சான்? பிடி எண்டால் பிடிதானே," என்றார் அண்ணா.

எனக்கு இந்த நியாயம் எதுவும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. போன வருடம் யார் அதிகம் டேக்கிள் செய்தார்கள் என்று பட்டியலை வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களை அப்படியே எடுத்தேன். ரிஷியோ ஆட்டம் தெரிந்தவர். தரம் பார்த்து எடுத்தார். படித்துப் படித்துப் பாழாய்ப் போவது என்றால் இதுதான்.

அவருடைய செல்லம் ஒரு கார்னர்பேக். எதிரணியில் பந்து வாங்க ஓடுகிறவனை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுவது கார்னர்பேக்கின் வேலை. இவன் அந்த வேலையில் மகா கெட்டிக்காரன். ஆகவே எதிரணி அவன் பக்கம் பந்தே வீசாது. பந்து வராவிட்டால் பிடிக்க ஆள் இல்லை, பிடிக்க ஆள் இல்லாவிட்டால் விழுத்த வேலை இல்லை, விழுத்தாவிட்டால் புள்ளி இல்லை. வாரா வாரம் அவன் ரிஷிக்குப் பூச்சியம் கொண்டுவந்தான். யாரும் கிட்டப் போகாததால் அண்ணா அவனுக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்.

அதே அணியில் மறுபக்கம் காவல் நிற்கிறவன் என் ஆள். அவனைத் தாண்டி யாரும் பந்து வாங்கலாம். வாங்கிய பிறகு இவன் பின்னால் ஓடிப்போய் விழுத்துவான். ஒவ்வொரு விழுத்தலுக்கும் எனக்கு இரண்டு புள்ளி. அவன் எவ்வளவுக்கு எவ்வளவு ஓட்டையோ அவ்வளவுக்கு அவ்வளவு எனக்கு நல்லது. அவன் பெயர் சல்லடை.

"உன் ஆளு தோத்துத் தோத்தே புள்ளி வாங்கறான். என் ஆளு ஜெயிக்கறது யாருக்குமே தெரியலை," என்று ரிஷி புலம்புவார்.

"தெரியாத வெற்றியை வைச்சு என்ன செய்யிறது? கறியாக்கலாமே?" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பெண் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. எனக்குப் பிரணவி. ரிஷி மஹதி என்றார். பேசிப் பார்த்தோம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அண்ணா அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கடைசி வாரம் நீங்கள் ரெண்டு பேரும்தான் மோதுறியள். வெல்லுறவர் பேர் வைக்கட்டும்," என்று கொளுத்திப் போட்டார். இரண்டு பேரும் சம்மதித்தோம். எனக்கு அது விளையாட்டே இல்லை. நான் ஒன்றைக் கேட்டுத் தோற்றால் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. அதுவும் பெற்ற பிள்ளையின் பெயர்.

இந்த மாதங்களில் என் தொல்லை முழுக்க என் அம்மாதான். பெயர் இராசமலர், வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் போன் எடுப்பா என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அன்னாசி சாப்பிடாதை, ஒருபக்கமாய்ப் படு, வேலையை நிப்பாட்டு. நான் இரவு ரிஷியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவேன். கடைசியில் பெருமூச்சு விட்டு, "உங்கட அம்மா தங்கம். ஒரு சொல் சொன்னவவே? நான் குடுத்து வைச்சவள்," என்பேன். திருச்சியில் இருக்கும் மாமி மீனாட்சி மாதத்துக்கு ஒருமுறை வீடியோவில் வந்து, "நல்லா இருக்கியா கண்ணு," என்று கேட்டுவிட்டுப் போய்விடுவா. ரிஷி, "ஆமா, எங்கம்மா அப்படித்தான்," என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிறிஸ்மஸ் விடுமுறை. வாரத்தின் கடைசி ஆட்டம் மதியம் தொடங்கியது. நான் ஒன்பது புள்ளி பின்னால். எனக்கு மிச்சம் இருந்தது சல்லடை மட்டும், ரிஷிக்கு மிச்சம் சாமியார் மட்டும். சோஃபாவில் மூன்று தலையணை அடுக்கி, கால்களைப் பிரம்பு மோடாவில் நீட்டி உட்கார்ந்தேன்.

ஆட்டம் போன போக்கில்தான் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. எதிரணிக்காரன் பந்தை எடுப்பான், சாமியார் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான், பிறகு திரும்பிச் சல்லடை பக்கம் வீசுவான். ஒவ்வொரு முறையும் அதே கதை.

"இஞ்சாருங்கோ, உங்கட ஆள் அந்தப் பக்கத்தை அடைச்சு வைச்சிருக்கிறதாலதானே எல்லாப் பந்தும் என்ர ஆளிட்ட வருது?"

"இப்பத்தான் புரியுதா? நாலு மாசமா நான்தான் உனக்குப் புள்ளி சம்பாரிச்சுக் குடுக்கறேன்," என்றார் ரிஷி. அதற்குள் அவர் போன் அதிர்ந்தது. "ஆபீஸ்," என்று சொல்லிவிட்டுப் பின்பக்க மரத்தள டெக்குக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். விடுமுறையில் என்ன ஆபீஸ் என்று நான் யோசிக்கவில்லை. சல்லடை அப்போது ஒருவனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

நாலு டேக்கிள் வந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் வேண்டும் என்று நான் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது, யாரோ புத்தி கெட்டுச் சாமியார் பக்கம் பந்தை வீசினான். சாமியார் அழகாக எழும்பி அதைத் தட்டிவிட்டான். தட்டிவிட்டதற்கு ரிஷிக்கு ஒரு புள்ளி. போனை வைத்துவிட்டு வந்திருந்த அவர் குதித்த குதியில் பிள்ளை உள்ளே உதைத்தது. இனி ஒன்று வந்தால் சமன்தான், வெல்ல இரண்டு வேண்டும். நேரமோ முடியப் போகிறது. அப்போதுதான் நேர்த்தி வைத்தேன்.

பிள்ளையார் அமெரிக்க ஃபுட்பால் பார்ப்பாரோ தெரியாது. அடுத்தடுத்து இரண்டு பந்து சல்லடை பக்கம் வந்தது, இரண்டையும் விட்டான், இரண்டு பேரையும் விரட்டிப் பிடித்து விழுத்தினான். இரண்டு புள்ளியில் நான் வென்றேன்.

"பிரணவி," என்றேன், வேறு எதுவும் சொல்லாமல்.

ரிஷி கையெடுத்துக் கும்பிட்டார். தோற்றவர் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்று நான் அந்த இடத்திலேயே ஒரு சட்டம் போட்டேன். மறுபேச்சு இல்லாமல் மூலையில் இருக்கும் டெய்ரிக்கு, இந்த ஊர்ப் பெட்டிக்கடைக்கு, நடந்து போனார். போனை மேசையில் விட்டுவிட்டார்.

அது அடித்தது. திரையில் 'அம்மா'. வென்ற சந்தோஷத்தை மாமிக்கும் சொல்வோம் என்று எடுத்துக் காதில் வைத்தேன்.

"டேய், பேசிட்டிருக்கும்போதே வெக்கறே, எவ்வளவு திமிரு உனக்கு?" நான் வாய் திறக்குமுன் மாமி தொடங்கிவிட்டா. "காலையிலேருந்து இது மூணாவது தடவை. ஏழாம் மாசம் வளைகாப்புக்குக் கூட்டிட்டு வான்னேன், ஃப்ளைட் ஆகாதுன்னே. பிரசவத்துக்கு நான் வர்றேன்னேன், பின்னாடி பாத்துக்கலாம்னே. அந்த எக்ஸ்ரே வேலையை விடச் சொல்லுன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன், அவகிட்ட இதெல்லாம் பேசக் கூடாதுங்கறே. பேரையாவது மஹதின்னு வைடான்னா, அவ என்ன சொல்றாளோ அதுதான் பேருன்னு தீபாவளிக்கே சொல்லிட்டே. என்னைப் பெத்தவளா நெனைக்கறியா இல்லியாடா?"

தீபாவளி அக்டோபரில். பந்தயம் கட்டியது அதற்குப் பிறகு.

"மாமி, நான் லக்ஷிகா," என்றேன்.

அந்தப் பக்கம் மாமியின் குரலே மாறிவிட்டது. "கண்ணு... நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கிறன் மாமி. பேந்து எடுக்கிறன்," என்று வைத்துவிட்டேன்.

ரிஷி ஐஸ்கிரீமோடு உள்ளே வந்தபோது நான் போனைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"ஸ்கேன் எடுத்ததுலேருந்து," என்றார். "நீ உங்கம்மாவுக்கே பதில் சொல்ல முடியாம அழுதிட்டு இருந்தே. இதுவும் எதுக்குன்னு..."

"அப்ப பேர்? என்ர விருப்பம்தான் எண்டு முதலே சொல்லிப்போட்டு என்னத்துக்குப் பந்தயம் கட்டினீங்கள்? எனக்கு விட்டுக்குடுத்து விளையாடினீங்களோ?" எனக்கு அதுதான் முதலில் சுட்டது. வென்றது பொய்யோ என்று.

"சத்தியமா இல்லை. ஜெயிக்கத்தான் ஆடினேன். மஹதி எனக்கும் பிடிச்ச பேருதான். ஜெயிச்சிருந்தா அம்மாகிட்டயும் நிம்மதியா இருந்திருப்பேன்." ஐஸ்கிரீம் பெட்டி உருகிச் சொட்டத் தொடங்கியது. "போயும் போயும் சல்லடைகிட்ட தோத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆறு மாதமாக நான் பட்ட ஒவ்வொரு தொல்லைக்கும் கணக்குச் சொல்லி இந்த மனுஷனிடம் அனுதாபம் வாங்கியிருக்கிறேன். இவர் பட்டது எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு அவரைப் பிடித்தது போல வேறு எந்த நாளும் எனக்கு அவரைப் பிடித்ததில்லை. அதை அப்படியே சொல்லவும் செய்தேன். அவருக்குக் காது சிவந்தது.

"இனி உங்கட அம்மாவோட நான் கதைக்கிறன்," என்றேன். "என்ர அம்மாவை நீங்கள் பாருங்கோ. அன்னாசி சாப்பிடாதை எண்டு உங்களுக்குச் சொல்லட்டும்."

"வேணாம் லக்ஷி. எங்கம்மா ஆரம்பிச்சா விடமாட்டாங்க."

நான் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு டெக்கில் போய் உட்கார்ந்து, சண்டைக்கு ஆயத்தமாக மூச்சை இழுத்து, மாமிக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டா.

"மாமி, நான் வேலைக்குப் போவன். பேரும் பிரணவிதான். நான் வெண்டனான்," என்றேன்.

நான் எதிர்பார்த்த இடி விழவில்லை. "அது இருக்கட்டும் கண்ணு," என்றா மாமி. "அந்த எக்ஸ்ரே ரூம்ல நீ எங்கே நிப்பே?"

"கண்ணாடிக்குப் பின்னால மாமி. ஈயம் போட்ட கண்ணாடி. அதைத் தாண்டி ஒண்டும் வராது. பிள்ளைக்கெண்டு தனியா கதிர் அளவு பாக்கிற கருவியும் சட்டையில குத்தியிருக்கு."

"அப்படியா? இதைத்தாம்மா கேக்கணும்னு இருந்தேன். உன்கூடப் பேசணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தூங்கறா, வேலைக்குப் போயிட்டான்னே சொல்லுவான். என்மேல உனக்கு ஏதோ கோவம்னு நெனச்சு நான் சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரிஷி கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டு, உருகின ஐஸ்கிரீமைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். என்னிடம் வராமல் அவர் தடுத்ததில் மாமியின் இந்த அக்கறையும் இருந்திருக்கிறது. எனக்கு மாமியின் மீது கோபம் வரவில்லை. அவர் மீதும் வரவில்லை. மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால் வீங்குவதை, இரவில் நெஞ்செரிவதை, பிள்ளை உதைப்பதை, என் அம்மாவின் அன்னாசிப்பழத்தை. அன்னாசி விஷயத்தில் மாமியும் என் அம்மாவின் கட்சிதான்.

கடைசியில், "பிரணவி," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தா. "நல்லாத்தான் இருக்கு. நான் மட்டும் மஹதின்னு கூப்பிட்டா கோச்சுக்குவியா?"

"ஓம் மாமி," என்றேன். "கோவிப்பன்."

மாமி சிரித்தா. அப்படி ஒரு சிரிப்பு அவவிடம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். "சரி, கோவிச்சுக்கோ," என்றா. "ஆனா அதையும் நீயே போன் பண்ணிச் சொல்லணும்."