அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சார்

காலையில் மேலாளர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்து வழிமறித்தது. புதுப் பதிப்பைப் போட்டால்தான் பில் அடிக்க முடியும். போடுவதற்கு நிர்வாகியின் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். மருந்துக் கிடங்கின் பில்லிங் பிரிவே மேலாளரின் பொறுப்பில்தான். என்ன பிரயோஜனம், தன் மேஜைமேல் இருக்கிற மெஷினில் ஒரு துரும்பைக்கூட அசைக்க அவருக்கு உரிமை கிடையாது. வெளியே ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய வண்டிகள் பில்லுக்காக நின்றுகொண்டிருந்தன.

சிஸ்டம்ஸில் சொன்னால் வந்து போட்டுவிடுவார்களே என்றாள் பில் போடுகிற பெண். அதுதானே தலைவலி. சிஸ்டம்ஸ் என்றால் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள மாடியில் இருக்கிற ஒரே ஆள், அவருடைய சொந்த மச்சினன். பேச்சு அறுந்துபோன மச்சினன்.

எல்லாம் வாயால் வந்த வினை. மச்சினனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், பையனுக்கு என்ன வேலை என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நாலு பேர் கூடிவிட்டால் இவருக்கு நாக்கு சும்மா இருக்காதே. "பெரிய வேலைங்க. ஒவ்வொரு சீட்டா போய் பாஸ்வேர்டு அடிச்சுட்டு வர்றது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மச்சினனும் அன்றைக்கு அக்கா வீட்டுப் படி இறங்கியவன்தான். மனைவி அதற்கப்புறம் சோறு போட்டாள், துணி மடித்தாள், இவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மாடிக்குப் போன் போட வெட்கமாக இருந்தது. தானே திறந்துவிடலாம் என்று புத்தி போயிற்று பாருங்கள், கிரகம்! அக்கா என்றால் உயிரை விடுகிறவன், பாஸ்வேர்டாக வேறு எதை வைத்திருக்கப் போகிறான் என்று, சின்ன வயதில் அவன் அவளைக் கூப்பிட்ட 'மிட்டாய்' என்ற செல்லப்பெயரை அடித்தார். மெஷின் ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். மேல்கட்டம் எது, கீழ்க்கட்டம் எது என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசியில் பில் போடுகிற பெண்ணே மாடிக்குச் சொல்லிவிட்டாள்.

மச்சினன் வந்தான். ஆள் இளைத்திருந்தான். குனிந்து திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான். பெயர் அடிக்க வேண்டிய மேல்கட்டத்தில், மறைவே இல்லாமல், 'மிட்டாய்' என்று பளிச்சென்று இருந்தது. இவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. திருடப் போன வீட்டில் செருப்பை விட்டுவிட்டு வந்த மாதிரி. மச்சினன் அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சார்."

பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது அங்கே வழக்கம். மேலாளரிடம் மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. அத்தான் என்று கூப்பிட்ட வாய் சார் என்கிறது. பிரிவு மொத்தமும் பார்க்க, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பின்னால் விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. சொன்னால் இப்போது சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் தனக்கு எந்தக் காலத்திலும் வராது என்று அவருக்குத் தெரியும்.

"அன்னைக்கு அவங்க முன்னாடி நான் அப்படிப் பேசினது தப்புப்பா" என்றார் சுவரிடம். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பில் மெஷின் பக்கத்தில் பேச்சு நின்றது.

பின்னால் தட்டும் சத்தமும் நின்றது. வெளியே ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். இவர் திரும்பவில்லை. அப்புறம் மச்சினன், எங்கே விட்டோம் என்று மறந்துபோனவன் மாதிரி, அடித்தவரைக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பது கேட்டது.